நாப்லஸ்: ஆலிவ் சோப்பின் ஊர்

மேற்குக் கரையின் வடபகுதியில், கெரிசிம், எபால் என்னும் இரு மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் நீண்டு கிடக்கிறது நாப்லஸ் நகரம். எருசலேமிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கி.பி. 72இல் ரோமானியர் நிறுவிய நகரம் இது. கெரிசிம் மலை சமாரியர்களின் புனிதத் தலம். கினாஃபா என்ற பாலாடைக்கட்டி இனிப்பும் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பும் இவ்வூருக்கு வெளியூர்களில் பெயர் வாங்கித் தந்தவை.

சோப்புக்கு வேண்டியவை மூன்றே: ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காரம். எண்ணெய் சுற்றுவட்டாரக் கிராமங்களின் தோப்புகளிலிருந்து வந்தது. நகர வணிகர்கள் அறுவடைக்கு முன்பே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து, பின்னர் எண்ணெயாக வாங்கிக்கொள்வார்கள். கையில் காசில்லாத காலத்தில் இந்த முன்பணம் உதவியது. பல குடும்பங்களைக் கடனிலும் ஆழ்த்தியது. காரத்துக்கு மூலம் பாலைவனச் செடிகள். நம் கடலோர உமரியைப் போல உவர்நிலத்தில் முளைத்துச் சோடிய உப்பைத் தம்முள் சேர்த்துக்கொள்ளும் செடிகளை எரித்து, அச்சாம்பலைப் பெதுயின் என்னும் பாலைவன மேய்ப்பர்கள் யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கேயிருந்து ஒட்டகங்களில் கொண்டுவந்தனர். இப்படி உழவர், மேய்ப்பர், வணிகர் மூவரையும் ஒரே தொழில் பிணைத்தது.

ஆலை என்பது தடித்த கற்சுவர்கள் கொண்ட இரண்டு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் ஆலிவ் எண்ணெயைச் சேமிக்கும் கிணறுகளும் பெரிய செப்புக் கொப்பரையும் இருக்கும். சாம்பற்கட்டியை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்புத் தூளோடு கலந்து, தொட்டிகளில் நிரப்பி, மேலே வெந்நீர் ஊற்றுவார்கள். சாம்பலிலுள்ள சோடியம் கார்பனேட்டைச் சுண்ணாம்பு கடுங்காரமாக மாற்ற, அந்தக் காரநீர் அடியிலுள்ள தொட்டிகளில் வடியும். வேண்டிய வீரியம் வரும்வரை அதே நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றி, பிறகு எண்ணெய் கொதிக்கும் கொப்பரையில் சேர்ப்பார்கள். துடுப்பு வடிவ மரக்கோலால் விடாது கிளறியபடி, காரநீரைப் பலமுறை சேர்த்து, ஏறத்தாழ எட்டு நாள் காய்ச்ச வேண்டும்.

பதம் வந்த சோப்புக்குழம்பை வாளிகளில் மாடிக்குச் சுமந்துபோய்த் தரையில் பரவலாக ஊற்றுவார்கள். அது இறுகியதும் நூல்பிடித்துக் கோடு கிழித்து, கட்டிகளாக வெட்டி, ஆலையின் முத்திரையைச் சுத்தியலால் பதிப்பார்கள். பிறகு கட்டிகளை இடைவெளிவிட்டு, நடுவே வெற்றிடம் விட்டு, ஆளுயரத்துக்கும் மேலாகக் கூம்பு வடிவில் அடுக்குவார்கள். காற்று உள்ளும் புறமும் புகுந்து உலர்த்த மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை பிடிக்கும். வாசனைப் பொருளோ சாயமோ சேர்க்கப்படாததால், கட்டி தந்த நிறத்தில், மணமே இல்லாததுபோல இருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் இத்தொழில் உச்சத்தை எட்டியது. 1907இல் நகரின் ஏறத்தாழ 30 ஆலைகள் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 5,000 டன் சோப்பு தயாரித்தன. பாலஸ்தீனத்தின் மொத்த உற்பத்தியில் இது பாதிக்கும் மேல். பிறகு சரிவு தொடங்கியது. 1927 ஜூலை நிலநடுக்கம் பழைய நகரத்தைச் சிதைத்தது. செடிச்சாம்பலின் இடத்தைத் தொழிற்சாலைக் காஸ்டிக் சோடா பிடித்ததோடு, பெதுயின்களுடனான வணிகமும் முடிந்தது. விலை மலிந்த வெளிநாட்டுச் சோப்பு சந்தையைப் பிடித்தது. 2000க்குப் பின் ராணுவ நடவடிக்கைகளில் பழைய நகரின் ஆலைக் கட்டடங்கள் சில இடிந்தன. சாலைத் தடைகள் சரக்குப் போக்குவரத்தை முடக்கின. இன்று பாரம்பரிய முறையில் இயங்கும் பெரிய ஆலைகள் மிகச் சிலவே. உள்ளூர் எண்ணெயின் விலை உயர்ந்ததால், இறக்குமதி எண்ணெயும் பயன்படுகிறது.

கிராமங்களிலோ உள்ளூர் எண்ணெயே இன்றும் சோப்பாகிறது. ஆலிவ் அறுவடை முடிந்ததும், சமையலுக்கு ஒதுக்கியதுபோக மிஞ்சிய எண்ணெயையும் பழைய எண்ணெயையும் குடும்பத்தினர் கூடிக் காய்ச்சி, வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை உறவினருக்குப் பரிசளிக்கிறார்கள், விற்பதும் உண்டு. ஆலைக்கும் வீட்டுக்கும் பொதுவான இந்தச் சோப்புத் தயாரிப்பு மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.