கன்னேரிமுக்கு பங்களா



போன வாரம் கோத்தகிரி போயிருந்தேன். வெள்ளிமலைப் பக்கம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் (பையன் என்ன, அவனுக்கே கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்) அங்கே வேலை பார்க்கிறான். "சார், உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு பங்களா இருக்கு" என்று கன்னேரிமுக்குக்கு அழைத்துப் போனான். இரண்டு கிலோமீட்டர்தான்.

கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பெத்தக்கல் பங்களா அது. ஊட்டி என்ற நகரமே அப்போது கிடையாது. பல காலம் பாழடைந்து கிடந்ததைச் சீர்செய்து நினைவகமாக்கி இருக்கிறார்கள். நம் ஊர் அரண்மனைகளை நினைத்துப் போனால் ஏமாற்றம்தான், சின்ன வீடு. உள்ளே மலை மக்களின் பழைய படங்கள், சுற்றிலும் தேயிலைச் சரிவு. முற்றத்தில் நின்று பார்த்தால் போதும், இந்த இடத்தை ஏன் பிடித்தார் என்று புரிந்துவிடும்.

ஊட்டியில் அடுத்து அவர் கட்டிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி. ஊட்டி ஏரியும் அவர் வெட்டியதே. தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பார்கள். அதே மனிதர்தான் இந்த மலை தோடர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கத்தோடு வாதாடியவர். இரண்டும் ஒரே ஆளா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அவனுக்கு வியப்பில்லை. "எங்க மலையில் தாத்தா ஜாகீருக்கு ஏர் வரி கட்டினார் சார். அப்பா மனு கொடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துட்டார். பட்டா இன்னும் வரல" என்றான். சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று கல்வராயனில் மூன்று ஜாகீர்கள் இருந்ததை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவன் வீட்டில் அது வெறும் பாடமாக இருக்கவில்லை.

மலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 2006 வன உரிமைச் சட்டப்படி, 13-12-2005-க்கு முன்பிருந்தே உழுதுவரும் பழங்குடியினர் உரிமை கோரலாம். முதலில் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் சொல்லும் வாக்குமூலத்தையும் எழுதி வாங்கிச் சான்றாகச் சேர்க்கலாம். தாத்தா பாட்டி இருக்கும்போதே எழுதி வையுங்கள். வீட்டில் பழைய வரி ரசீது இருந்தால் தூக்கிப் போடாமல் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மனு எழுத நான் உதவுகிறேன், கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.