அசைபடக் கலை பயின்ற எமது அனுபவம்

நங் கல்லூரியில் விஞ்ஞானப் பட்டம் பெற்றபின் சென்னை சென்று, ஆங்கோர் ஓவியப் பள்ளியில் மூன்றாண்டு கணினி அசைபடக் கலை பயின்றோம் என்று சொல்லக் கேட்கும் அன்பர் பலரும், "படமெல்லாம் இயந்திரமே வரைந்துகொள்ளுமே; நீர் கற்பதற்கு அதில் என்ன இருக்கிறது?" என்று வினவுகின்றனர். ஏளனமாகக் கேட்கப்படும் கேள்வியன்று இது. கட்டணத்திற்காக வங்கிக் கடன் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் எம் தந்தையாரும் இதனையே கேட்டார். அன்று எம்மிடம் விடையில்லை. இன்று ஒருவாறு உண்டாதலின், இம்மலரின் பக்கங்களில் அதனை எழுதத் துணிந்தோம்.

திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் அசைவற்றதே, ஒன்றற்கும் அடுத்ததற்கும் உள்ள சிறு வேற்றுமையையே நம் கண் அசைவென்று கொள்கிறது. முற்காலத்தில் இவை யாவும் கையால் வரையப்பட்டன. முக்கிய நிலைகளைத் தலைமை ஓவியர் வரைவார். இடைநிலைகளை உதவி ஓவியர் நிரப்புவர். அவ்வுதவியாளர் வேலையையே இப்பொழுது கணினி மேற்கொண்டுள்ளது. உருவத்தைக் கணினியினுள் ஒரு பொம்மைபோற் சமைத்து, 'ரிக்' எனப்படும் எலும்புக்கூடு ஒன்றனை அதனுட் பொருத்தி, இன்னின்ன கணத்தில் இன்னின்னவாறு நிற்க என்று சில நிலைகளை யாம் அமைக்க வேண்டும். இந்நிலைகட்குக் 'கீ ஃபிரேம்' என்பது தொழிற்பெயர். இடைப்பட்டவற்றை இயந்திரம் கணக்கிட்டுத் தரும்.

நம் நாட்டில் இக்கலையை முறையாகக் கற்பிக்கத் தொடங்கியவருள் ஒருவர் கிளேர் வீக்ஸ் என்னும் அமெரிக்கர். இந்தியாவில் ஊழியஞ் செய்த மிஷனரிக் குடும்பத்திற் பிறந்து, வால்ட் டிஸ்னியின் நிலையத்தில் 'பாம்பி' முதலிய படங்களில் உழைத்தவர். 1956-ஆம் ஆண்டில் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம் இளைஞரைப் பயிற்றினார். புத்த ஜாதகக் கதையொன்றைத் தழுவிய 'தி பேனியன் டீர்' என்னும் படம் 1957-இல் அங்கே உருவாயிற்று. அவரிடம் பயின்றவருள் ராம் மோகன் பின்னாளில் இத்துறையின் தலைவராகவே மதிக்கப்பட்டார். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்றவர் என்பதை விஞ்ஞான மாணவர்க்கு ஆறுதலாகச் சொல்லி வைக்கிறோம்.

நிற்க. முதல் மாதம் முழுவதும் கணினியை எம் கையில் தந்தாரில்லை. காகிதமும் பென்சிலுங் கொடுத்து, எழும்பூர் ரெயில் நிலையத்திற்குச் சென்று சுமை தூக்குவோரை வரைந்து வருமாறு பணித்தனர். இதற்காகவா கடன் வாங்கினோம் என்று மாணவர் சிலர் முணுமுணுத்ததுண்டு. இரண்டாம் மாதத்தில் முதற்பாடமாக வந்தது ஒரு பந்து. அது விழுந்து எழ வேண்டும், அவ்வளவே. மேலே, கீழே, மேலே என மூன்று நிலைகளைக் கணினிக்குக் கொடுத்தால், அஃது இடைவெளிகளைத் தன் போக்கில் மெத்தென்று நிரப்பி விடுகிறது. பந்து தரையை அணுகுங்கால் தயங்கி, நீரில் மிதக்குந் தக்கைபோல் இறங்கி ஏறுகிறது. கனம் என்பதை இயந்திரம் அறியாது. விழும் பொருள் சமமான கால இடைவெளிகளில் 1, 3, 5, 7 என்னும் விகிதத்தில் தூரத்தைக் கடக்கும் எனக் கலிலியோ கண்டதை இக்கல்லூரிப் பௌதிக வகுப்பிற் படித்திருந்தோம். அது பரீட்சைக்குரிய விதி மாத்திரமன்று, கைத்தொழிற் கருவியுமாகும் என்பது ஓவியப் பள்ளியிலேதான் விளங்கிற்று. பந்து உச்சியில் நிற்குங்கால் படங்கள் நெருங்கி அமைய வேண்டும். தரையை அணுக அணுக அகன்று செல்ல வேண்டும். இவ்விடைவெளிகளை மாற்றினால் அதே வட்டம், அதே நிறம், ஒருமுறை ரப்பராகவும் ஒருமுறை இரும்பாகவுந் தோன்றும். அன்றிரவு உறக்கம் வரவில்லை, மகிழ்ச்சியே காரணம்.

பந்திற்குப் பின் மனிதன் நடை. சாதாரண நடையில் அடியொன்றிற்கு ஏறக்குறைய 12 படங்கள். பாரம் சுமப்பவன் நடையோ வேறு. இதனைக் கற்க யாம் நூலைத் தேடவில்லை. சித்திரைத் திருவிழா விடுமுறைக்குத் தல்லாகுளம் வந்திருந்தோம். அழகர்மலையினின்று இறங்கிவரும் கள்ளழகர் எதிர்சேவை கண்டு, பெருமாள் கோயிலில் ஆண்டாள் மாலை சூடி, தங்கக் குதிரையேறி வையையாற்றுக்கு எழுந்தருளுவதை இவ்வூரார் அனைவரும் அறிவர். பிள்ளைப் பருவமுதல் யாமும் ஆண்டுதோறுங் கண்டதே. அவ்வாண்டு மாத்திரம் கூட்டமெல்லாம் மேலே நோக்க, யாம் ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து சீர்பாதந்தாங்கிகளின் கால்களை நோக்கினோம். அவர் முழங்கால் முற்றும் நிமிர்வதில்லை. அடி குறுகியது, ஊன்றிய பாதம் நெடுநேரம் மண்ணை விடாது, இரு பாதமும் ஒருங்கே தரையில் நிற்குங் கணம் மிகுதி. தோள்கள் ஏறி இறங்காமல் ஒரு மட்டமாகவே செல்கின்றன. குதிரைக்குக் காலசைவே இல்லை. ஆயினும் அது நடந்து வருகிறது! உயிர் முழுவதும் கீழேயுள்ள கால்களிலிருந்து ஏறுகிறது. எம் ஆசிரியர் ஓராண்டாகச் சொல்லி வந்தது ஒரு நாழிகையில் விளங்கிற்று.

இரண்டாம் ஆண்டின் நடுவே இடி விழுந்தது. 2023-இல் ஹாலிவுட்டில் எழுத்தாளரும் நடிகரும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்தனர். அந்நாட்டுப் படங்கட்காகச் சென்னையிலும் ஐதராபாத்திலும் பம்பாயிலும் உழைத்து வந்த நிலையங்கள் பலவற்றில் வேலை வறண்டது. எம் பள்ளியிற் பயின்று வெளிவருவோர்க்கு முதலிற் கிட்டுவது பெரும்பாலும் 'ரோட்டோ' என்னும் பணி. படத்தில் நடிகர் நிற்குமிடத்தைச் சுற்றி, படந்தோறும் எல்லைக்கோடு இடுதல். ஐந்து விநாடிக் காட்சிக்கு 120 முறை. சலிப்பூட்டுவதாயினும் சம்பளந் தருவது. அதுவும் இல்லையென்றாயிற்று. போதாக்குறைக்கு, சொல்லைக் கொடுத்தாற் படத்தைத் தருஞ் செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்ந்தது. எம்முடன் சேர்ந்த பதினெண்மரில் எழுவர் பள்ளியை விட்டகன்றனர். அவருள் எம் எல்லோரினும் நன்றாக வரையும் ஒருவர் இருந்தார். அதனை இன்றும் பொறுக்க இயலவில்லை. தந்தையார் தொலைபேசியில், "ஊருக்கு வந்து பி.எட். சேர்ந்துவிடு, கடனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர் குரலிற் கோபம் இல்லாமையே எம்மை வருத்திற்று. மூன்று நாட் கழித்து, "பல்லக்குப் படம் ஒன்றை முடித்துவிட்டுச் சொல்கிறேன், அப்பா" என்று மாத்திரம் விடை கூறினோம்.

அப்படத்தை வீட்டிலேயே செய்தோம். விலையுயர்ந்த மென்பொருள் வாங்க வகையில்லை. 'பிளெண்டர்' என்னும் மென்பொருளை, 2002-ஆம் ஆண்டிற் பொதுமக்கள் திரட்டிய ஓரிலட்சம் யூரோ நிதியைக் கொண்டு மீட்டு எல்லோர்க்கும் இலவசமாக்கினர். லாட்வியா தேசத்து இளைஞர் கிண்ட்ஸ் ஜில்பலோடிஸ் அதனைக் கொண்டே 'ஃப்ளோ' என்னும் பூனைக் கதையை ஒரு வசனமுமின்றி உருவாக்கி, 2025-இல் ஆஸ்கர் பரிசு பெற்றார். எமது படமோ எட்டு விநாடி. ஒரு பல்லக்கு, நான்கு ஆட்கள், 192 படங்கள், ஒன்பது வாரம். முடிந்தபின், ஒவ்வொரு படத்தையும் ஒளி நிழலுடன் தீட்ட எம் பழைய கணினிக்குப் பதினொரு நிமிஷம் பிடித்தது. ஆகமொத்தம் 35 மணிக்கு மேல். மின்சாரம் தடைப்படலாகாதே என்று வீட்டார் அனைவரும் மின்விசிறியை நோக்கியவாறே இருந்தனர்.

எம் தெருவில் முன்னாளிற் சீர்பாதந்தாங்கியாயிருந்த முதியவர் ஒருவர் உளர். தந்தையார் அவரை அழைத்து வந்து படத்தைக் காட்டச் சொன்னார். தாத்தா கைப்பேசியை எட்டப் பிடித்துக்கொண்டு மூன்று முறை பார்த்தார். பொம்மைகள் நன்றாயிருக்கின்றன என்றோ, இயந்திரம் வரைந்ததா என்றோ அவர் ஒன்றுங் கேட்கவில்லை.

"தம்பி, பின்னாலே வலப்பக்கம் வருகிறவன் குட்டை. தண்டு அவன் தோளிலே படியாது. பாரமெல்லாம் முன்னாலே போகிற நெட்டையன் மேலே விழுந்துவிடும். அவன் முதுகு வளைகிறதே, பார்த்தாயா? குட்டையனுக்கு ஒரு சும்மாடு கொடு" என்றார்.

தந்தையார் கைப்பேசியை வாங்கி மறுபடியும் பார்த்தார். "ஆமாம், அவனுக்குத்தான் கனமாக இருக்கிறது" என்றார்.

அன்றிரவே துணிச் சும்மாடு ஒன்று சமைத்து அவன் தோளில் வைத்தோம். கணினி மீண்டும் 35 மணி நேரம் ஓடிற்று.