மாரடைப்புக்குக் கிருமி காரணமா?

மாரடைப்பு ஏன் வருகிறது என்று யாரைக் கேட்டாலும் கொழுப்பு, சிகரெட், சர்க்கரை, பிபி என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். கிருமி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் பலர் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள்.

சந்தேகம் கோழியில் ஆரம்பித்தது! 1978-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஃபேப்ரிகன்ட் குழுவினர் கோழிகளுக்கு ஒருவகை ஹெர்பிஸ் வைரஸைச் செலுத்தினார்கள். சாதாரணத் தீவனம் தின்ற கோழிகளுக்குக்கூட, மனிதருக்கு வருவது போலவே ரத்தக் குழாய் தடித்து கொழுப்பு படிந்தது. 1988-ல் பின்லாந்தில் பெக்கா சைக்கு குழுவினர் மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நுரையீரலைத் தாக்கும் கிளமிடியா நிமோனியே என்ற பாக்டீரியாவுக்கு எதிரான ஆன்டிபாடி பலரிடம் அதிகமாக இருந்தது. பிறகு குழாயில் படிந்த கொழுப்புக்குள்ளேயே அந்த பாக்டீரியா சிக்கியது.

ஆசை வராதா பின்னே? டென்ஷனாலும் காரத்தாலும் வருகிறது என்று நினைத்த அல்சருக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதை ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் காட்டியிருந்தார்கள். ஆன்டிபயாடிக்கில் அல்சர் குணமானது. அதே மாத்திரை இதயத்தையும் காப்பாற்றிவிட்டால்?

சோதித்துப் பார்த்தார்கள். 4012 இதய நோயாளிகள். பாதிப் பேருக்கு ஒரு வருடம், வாரம் ஒரு அசித்ரோமைசின். மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 2005-ல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் வித்தியாசமே இல்லை. அதே ஆண்டு, வேறொரு ஆன்டிபயாடிக்கை 4162 பேரிடம் சோதித்த ஆய்விலும் இதே கதை. திருட்டு நடந்த வீட்டில் இருந்தவனெல்லாம் திருடன் இல்லையே!

இதோடு கிருமி தப்பித்துவிட்டதா என்றால், இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில், ஃப்ளூ என்று லேபில் உறுதியானவர்களைப் பற்றி 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. முதல் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு மற்ற நாட்களைவிட சுமார் 6 மடங்கு! காய்ச்சலில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தம் சுலபமாக உறைகிறது, குழாய்ச் சுவர் அழற்சியில் பலவீனமாகிறது. வருடக்கணக்காகச் சும்மா கிடந்த கொழுப்புப் படிவு அப்போது பார்த்து உடைகிறது. ஆக, சுவரில் கொழுப்பு சேர்த்தது யார் என்ற கேள்வி, அதை உடைத்தது யார் என்று மாறிவிட்டது.

இந்தக் கேள்விக்கு மருந்தும் இருக்கிறது, அதுவும் ஆன்டிபயாடிக் இல்லை. பெரும்பாலும் அப்போதுதான் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த 2571 பேரில், பாதிப் பேருக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். கொரோனாவால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்த வேண்டி வந்தது. ஆனாலும் 2021-ல் கணக்கு வெளியானது. ஒரு வருடத்துக்குள் மரணம், மறுபடி மாரடைப்பு அல்லது ஸ்டென்ட் அடைப்பு வந்தவர்கள், ஊசி போடாதவர்களில் 7.2 சதவீதம், போட்டவர்களில் 5.3 சதவீதம்.