மலைவீட்டில் ஒரு நடை எந்திரம்

மலையில் குடியிருப்பவர்களுக்கு நடப்பதற்கு எந்திரம் எதற்கு என்று கேட்காத உறவினர் இல்லை. எங்கள் பின்கட்டு அறையில் நிற்கும் அந்தக் கறுப்பு எந்திரத்தைப் பார்த்ததும் முதலில் ஒரு சிரிப்பு வரும். "வெளியே காலை வெச்சா ஏற்காடு முழுக்க நடக்கலாம். நீங்க என்னடான்னா ரூமுக்குள்ள நின்னு மிதிக்கிறீங்க" என்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். மூட்டு வலியோடு இருக்கும் நண்பர்கள் சிலரும் இதைப் பற்றி எழுதச் சொல்லி நாளாகிறது. இன்று எழுதிவிடுகிறேன்.

ஏற்காட்டில் சமதரை என்றால் ஏரியை ஒட்டிக் கொஞ்சம் சொல்லலாம். எங்கள் தலைச்சோலைப் பக்கம் எந்தத் திசையில் போனாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் முழங்கால் அடி வாங்கும். இளவயதில் ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைப்போம். அறுபதைத் தாண்டிய பிறகுதான் இறக்கத்தின் குணம் தெரியும். கீழே இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை பிரேக் போல நம்மைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவியைப் பொருத்தி அளந்து பார்த்திருக்கிறார்கள். படி இறங்கும்போது முழங்காலில் விழும் பாரம் உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். அறுபது கிலோ மனுஷிக்கு ஒரு படிக்கு நூற்றெண்பது கிலோ என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு மழைக்காலமும் சேர்ந்துகொள்ளும். ஆடி தொடங்கி கார்த்திகை வரைக்கும் கல்லில் எல்லாம் பாசி. பத்தடி தள்ளி வருவது மனிதனா மாடா என்று தெரியாத பனிமூட்டம். மாடு என்றால் காட்டெருமையாகவும் இருக்கலாம். அந்த மாதங்களில் வயசானவர்கள் "காலாற நடந்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்புவது தைரியம் இல்லை, விஷப்பரீட்சை.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. ரோட்டிலிருந்து வாசலுக்கு 22 படிகள். பால், மளிகை, சிலிண்டர், விருந்தாளி எல்லாம் அந்தப் படி வழியாகத்தான். மூன்று வருடத்துக்கு முன் என் மனைவிக்கு வலது முழங்காலில் வலி ஆரம்பித்தது. முதலில் படி இறங்கும்போது மட்டும். பிறகு உட்கார்ந்து எழுந்தாலே வலி. கடைசியில் அவள் ரோட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். சேலத்தில் இருக்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, வீட்டை வித்துட்டு கீழ வந்துடுங்க. லிஃப்ட் இருக்கற அபார்ட்மென்ட்டா பாத்துக்கலாம்." அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இந்த மலையை விட்டு இறங்குவதா வேண்டாமா என்பது எங்கள் விருப்பத்தில் இல்லை, ஒரு முழங்காலில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

சேலத்தில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். தேய்மானம் இருக்கிறது, ஆபரேஷனுக்கு அவசரம் இல்லை என்றார். வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசை வற்றிப்போகும், தசை வற்றினால் மூட்டின் மேல் பாரம் கூடும், வலியும் கூடும் என்று விளக்கினார். அங்கிருந்த பிசியோதெரபி பெண் ஒரு மாதம் சில பயிற்சிகள் கொடுத்துவிட்டு, வீட்டில் இடமிருந்தால் எலிப்டிகல் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னாள். சேலம் கடைகளில் கிராஸ் டிரெய்னர் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

பெயருக்குக் காரணம் எளிது. பள்ளிக்கூடத்தில் இரண்டு குண்டூசியும் நூலும் வைத்து நீள்வட்டம் வரைந்தது ஞாபகம் இருக்கிறதா? இந்த எந்திரத்தில் பாதம் கிட்டத்தட்ட அந்த வடிவத்தில்தான் சுற்றி வருகிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் எஞ்சினியராக இருந்த லாரி மில்லர் என்பவர், அடிபட்ட தன் மகள் மூட்டு அதிராமல் ஓட ஒரு வழி தேடினார். அவள் ஓடும்போது காரில் கூடவே போய்ப் படம்பிடித்து, கால் காற்றில் வரையும் பாதையைக் கவனித்து, அதை ஒரு எந்திரமாக்கினார். 1995-ல் பிரிகார் என்ற கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சூட்சுமம் ஒன்றுதான். பாதம் பலகையை விட்டு எழும்புவதே இல்லை. எழும்பாததால் விழுவதும் இல்லை. விழாததால் அதிர்ச்சியும் இல்லை. ஆனால் நின்றுகொண்டே செய்வதால் உடம்பின் எடையைக் கால்தான் தாங்குகிறது. சைக்கிளில் சீட்டு தாங்கிக்கொள்ளும். இதில் சலுகை கிடையாது.

வாங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை. கடையிலேயே உங்கள் செருப்பைக் கழற்றி, வழக்கமாகப் போடும் ஷூவோடு ஏறி ஐந்து நிமிஷம் மிதித்துப் பாருங்கள். உயரமானவருக்கு எட்டு குறைவான எந்திரம் மாடிப்படி ஏறுவது போல் இருக்கும். குட்டையானவருக்கு எட்டு அதிகமானால் இடுப்பு இழுக்கும். ஏறி நின்றால் தலை ஓர் அடிக்குக் குறையாமல் உயரும். எங்களுடையது போன்ற ஓட்டு வீட்டில் உத்தரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய சிவப்புத் தரை சமமாக இருக்காது. அடியில் திருகுக்கால் இருக்கிறதா என்று பார்த்து, கீழே ரப்பர் விரிப்புப் போட்டு, ஆடாமல் நிறுத்துங்கள். எங்களுடையது காந்தத்தால் இறுக்கம் கொடுக்கும் சாதாரண வகை. திரைக்கு மட்டும் இரண்டு பேட்டரி. மின்சாரம் போய் வருகிற மலைக்கு இதுவே தோது.

எந்திரம் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, 22 படியும் இறங்கி வீட்டுக்குள் வந்தது. பிசியோதெரபி பெண் வீடியோவில் பார்த்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். "அம்மா, நிமிர்ந்து நில்லுங்க. தோளைக் காதுக்குத் தூக்காதீங்க, கீழ விடுங்க. திரையைப் பாக்காதீங்க, எதிர்ச் சுவரைப் பாருங்க." என் மனைவிக்குப் பிடிபடவில்லை. நிமிரச் சொன்னால் நெஞ்சை முன்னால் தள்ளினாள். தளரச் சொன்னால் கூனினாள். "தலையில ஒரு குடம் இருக்கறதா நெனச்சுக்கங்கம்மா" என்றதும் இவள் சிரித்துவிட்டாள். "அப்படிச் சொல்லு கண்ணு. இடுப்புக் குடம்னா சாயணும், தலைக் குடம்னா நிமிரணும். இத்தனை நேரம் இடுப்புக் குடம் தூக்கிட்டு இருந்திருக்கேன்."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் எங்கள் பக்கத்துச் சரிவுகளைப் பார்த்தால் தெரியும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்து இரண்டு நூற்றாண்டு ஆகிறது. இன்னமும் வண்டி போகாத இடத்தில் மூட்டை தலையில்தான் ஏறுகிறது. அந்தப் பெண்கள் கழுத்தைத் திருப்ப மாட்டார்கள். முதுகு நூல் பிடித்த மாதிரி நிற்கும். அடி சின்னதாக விழும். பார்வை முன்னால். ஜிம்மில் காசு கட்டிக் கற்றுக்கொள்ளும் நிலை அதுதான்.

சாய்வதுதான் இந்த எந்திரத்தில் பெரிய ஆபத்து. களைப்பு வந்ததும் கை தானாகப் பிடியை இறுக்கும். உடம்பு முன்னால் போய்க் கைப்பிடியில் தொங்கும். பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்வதால் காலுக்கு வேலை குறைந்துவிடும். திரைக்கு இது தெரியாது. அது பாட்டுக்குக் கலோரியை ஏற்றிக் காட்டும். திரையை ஏமாற்றலாம், தொடைத் தசையை ஏமாற்ற முடியாது. கூடவே கழுத்தும் மணிக்கட்டும் நோகும். விரலால் முட்டையைப் பிடிப்பது போல் லேசாகப் பிடித்தால் போதும். ஆடும் கைப்பிடியைத் தள்ளும்போது தள்ளவும் வேண்டும், இழுக்கும்போது இழுக்கவும் வேண்டும். முழங்கை விலாவை விட்டு அகலாமல் இருக்கட்டும்.

பாதத்துக்கும் விதி உண்டு. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் மட்டும் நின்றால் பத்து நிமிஷத்தில் விரல்கள் மரத்துப்போகும், பாரமும் முழங்காலுக்கு முன்பக்கம் ஏறும். முழுப் பாதமும் பலகையில் படிந்து, குதிகாலால் அழுத்த வேண்டும். பாதம் நேராக, முழங்கால் கால்விரல் போகும் திசையிலேயே. உள்பக்கம் சரியக் கூடாது. காலை விறைப்பாக நீட்டிப் பூட்டக் கூடாது. எப்போதும் சிறு மடிப்பு இருக்கட்டும். இறுக்கம் மிகக் குறைவாக இருந்தால் பம்பரம் மாதிரி அதுவே நம்மைச் சுற்றும். அதிகமானால் இடுப்பை முறுக்கி மிதிப்போம். நாம் அதைச் சுற்றுகிறோம் என்று தெரிகிற அளவே சரி. ஏறும்போது தாழ்ந்திருக்கும் பலகையில் முதல் காலை வைத்து, ஆடாத கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள். சக்கரம் முழுக்க நிற்காமல் இறங்காதீர்கள்.

சேலத்தில் மகள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவிலும் திறந்தவெளி எந்திரங்கள் இருக்கின்றன. அதில் இரண்டு பலகை ஊஞ்சல் போல் முன்னும் பின்னும் ஆடும். பலர் அதை எலிப்டிகல் என்று நினைத்துக்கொண்டு, காலை அகல வீசி ஆடுகிறார்கள். அது வேறு, இது வேறு. அதில் எதிர்ப்பு விசை இல்லை, வீச்சுக்கு அணையும் இல்லை. இடுப்பு வலி உள்ளவர்கள் அங்கே சின்ன ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

என் மனைவி முதல் வாரம் நாளுக்கு ஐந்து நிமிஷம்தான் மிதித்தாள். வாரத்துக்கு ஓரிரு நிமிஷம் கூட்டி, ஆறு மாதத்தில் இருபத்தைந்துக்கு வந்தாள். உலக சுகாதார நிறுவனம் வயதானவர்களுக்கும் வாரம் 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. மிதம் என்பதற்கு எளிய அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இவள் மிதிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பேன். பதில் வாதம் நின்றுபோனால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நெஞ்சு வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது. மறுநாள் காலையிலும் மூட்டு வீங்கியிருந்தால் முந்தைய நாள் அளவு அதிகம்.

இந்த எந்திரம் தராத இரண்டையும் சொல்லிவிட வேண்டும். இது படி இறங்கக் கற்றுத் தராது. தடுமாறாமல் நிற்கவும் கற்றுத் தராது. பாதம் தரையை விட்டு எழும்பாத இடத்தில் அதைப் பழக முடியாது. அதற்கு நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது என்று தனியாக உண்டு. படிக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். போன வருடம் படியோரம் இரும்புக் கம்பியும் போட்டுவிட்டோம்.

தேய்ந்த மூட்டு வளரவில்லை. வலியும் முழுக்கப் போகவில்லை. ஆனால் என் மனைவி இப்போது தினமும் ஒரு முறை ரோட்டுக்கு ஏறி, பால்காரரிடம் நேரில் சண்டை போட்டுவிட்டு இறங்குகிறாள். மகளிடம் இந்த மழைக்காலம் முடியட்டும், பேசலாம் என்று சொல்லியிருக்கிறோம். போன மழைக்காலத்திலும் அதையேதான் சொன்னோம்.