மூன்று கணக்கு

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, தமிழாசிரியன் என்ற முறையில் இலக்கியப் பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பர். யான் எழுதப் புகுந்ததோ கணினிச் செய்தி. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இதனை எவரும் எனக்குக் கற்பித்திலர். என்னிடம் தமிழ் பயின்று சென்ற மாணவன் ஒருவனிடமே கற்றேன். சொல்லும் முறையிற் குற்றமிருப்பின் அஃது என்னுடையது.

நம் கல்லூரியின் பழைய சஞ்சிகைகளைக் கணினியில் ஏற்றும் பணியை அவன் மேற்கொண்டிருந்தான். பழைய மாணவர் நன்கறிவர்: அவ்விதழ்களில் முன்னே ஆங்கிலப் பகுதி, பின்னே தமிழ்ப் பகுதி. தலைப்பு எது, எழுதியவர் யார், செய்யுள் எது, உரைநடை எது என்பன விளங்க, ஒவ்வொன்றன் முன்னும் பின்னும் எக்ஸ்.எம்.எல். முறைப்படி குறியிடல் வேண்டும். தமிழ்ப் பகுதியைத் தட்டச்சிடும் பொறுப்பு என்னுடையதாயிற்று. குறியிட்ட ஏட்டைப் பகுத்துணர அவன் தேர்ந்தது எக்ஸ்பாற் என்னும் கருவி. ஜேம்ஸ் கிளார்க் என்பார் சி மொழியில் இயற்றிய இதனைப் பயர்பொக்ஸ் உலாவியும் பைதன் மொழியும் கையாளுகின்றன. ஆனால் அவன் நிரலெழுதியதோ, 1995இல் பிரெண்டன் ஐக் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ற் மொழியில். ஆதலின் சி மொழிக் கருவியை ஜாவாஸ்கிரிப்ற் அழைத்து வேலை வாங்குமாறு இடையே ஓர் உறை செய்தல் அவசியமாயிற்று.

அதன் அருமையை அவன் எனக்கு விளக்கிய விதம் நினைவில் நிற்கின்றது. சி மொழி வீட்டில் உண்டவன் தன் இலையைத் தானே எடுத்தெறிய வேண்டும்; மறந்தால் இலைகள் குவிந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ற் வீட்டில் இலையெடுக்க ஆளுண்டு; எப்பொழுது வருவான் என்பதே தெரியாது. அவன் அடுத்த வீட்டு விருந்தினன் உண்டுகொண்டிருக்கும்போதே இலையை உருவிவிட்டால் நிரல் முழுவதும் சரியும். அன்றியும், கருவி ஒரு வரியை ஒரே முறையில் தருமென்பதற்கு உறுதியில்லை. இரண்டு மூன்று துண்டாகவும் தரும். சேர்த்துக்கொள்வது உறையின் கடன். இவற்றையெல்லாம் அவன் செவ்வையாகவே செய்திருந்தான்.

ஒரு மாலை என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து திறந்து காட்டினான். ஆங்கிலப் பக்கங்கள் அச்சொட்டாக நின்றன. தமிழ்ப் பகுதியின் முதற் கட்டுரையோ இடைநடுவில் தொடங்கிற்று. அடுத்தது இன்னும் விலகிற்று. இறுதிப் பக்கங்கள் வெறுமையாய்க் கிடந்தன. அவ்வெறுமையினுள்ளேதான் என் தமிழாசான் மறைந்தபோது, உயர்தர வகுப்பு மாணவனாயிருந்த யான் எழுதிய இரங்கலுரை இருந்தது. இடப்பெயர்வுகளின் பின் அவ்விதழில் எஞ்சியது ஒரே பிரதி. அதன் தாள்களும் தொட்டால் உதிரும் நிலையின.

எனக்குச் சினம் மூண்டது. "தம்பி, ஆங்கிலேயர் செய்த கருவியில் தமிழுக்கு இடமிராது. இதனை விட்டுவிடும்" என்றேன். அவன் தலைகுனிந்து, "கருவி பிழைக்கவில்லை, சேர். நான்தான் எங்கோ பிழைவிட்டுள்ளேன்" என்றான்.

மறுநாளும் வந்தான். ஒவ்வொரு கட்டுரையும் தொடங்கும் இடத்தைக் கருவி ஓர் எண்ணால் அறிவிக்கும். அவ்வெண்ணைக் கொண்டு ஏட்டிலிருந்து அப்பகுதியை வெட்டியெடுப்பதே அவன் ஏற்பாடு. "எண்ணைக் காட்டும்" என்றேன். யாப்புக் கற்பிப்பவனுக்கு எழுத்தெண்ணுதல் பழகிய தொழில். 'தமிழ்' என்னும் ஒரு சொல்லை மாத்திரம் இட்டுப் பார்த்தோம். என் கணக்கில் எழுத்து 3. ஜாவாஸ்கிரிப்ற் 5 என்றது: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. எக்ஸ்பாற் கொடுத்த கணக்கோ 15. 'கொலிஜ்' என்பதை ஆங்கில எழுத்தில் இட்டபோது இரண்டும் ஒருமித்து 7 என்றன.

"ஐந்தின் மும்மடங்கு, தம்பி" என்றேன். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்த யூ.ரி.எப்.-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைற்றில் அடங்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று கொள்ளும். எக்ஸ்பாற் பைற்றை எண்ணிற்று. ஜாவாஸ்கிரிப்ற் குறியை எண்ணிற்று. ஆங்கிலப் பக்கங்களில் இரு கணக்கும் ஒன்றேயாதலின் பிழை ஒளிந்து கிடந்தது. தமிழ் தொடங்கியதும் ஒவ்வொரு குறிக்கும் இரண்டிரண்டாக விலகி, ஈற்றில் ஏட்டின் எல்லையையே கடந்துவிட்டது. எல்லைக்கு அப்பால் வெட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ற் முறையிடாது, வெற்றிடத்தை நீட்டும். (இந்தப் பணிவு எனக்குப் பிடிக்கவில்லை. பிழையென்று கூறியிருந்தால் ஒரு நாட் சினம் மிஞ்சியிருக்கும்.) தமிழுக்கு இடமில்லையென்று யான் பழித்த கருவி, தமிழை ஒரு பைற்றும் விடாது எண்ணியிருந்தது.

பைற்று வரிசையிலேயே முதலில் வெட்டி, அதன்பின் எழுத்தாக மாற்றுமாறு உறையைத் திருத்தினான். சில வரிகளே. இரங்கலுரை முழுவதும் திரையில் வந்தது. வாசித்துக்கொண்டு சென்றவன், இரண்டாம் பந்தியில் நிறுத்தி, மெல்ல, "சேர், இவ்விடத்தில் வல்லெழுத்து மிகாதல்லவா? திருத்திவிடவா?" என்றான்.

உண்மைதான். என் ஆசான் இருந்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார். அச்சிட்டபடியே இருக்கட்டும் என்றேன்.