மீனுக்கும் டிரான்ஸ்ஃபர் உண்டா?

நான் பி.காம். மீனைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குழம்பு வரைக்கும்தான் :-) இப்போ டேராடூன்ல இருக்கோம். 12-வது படிக்கிற பொண்ணு, "சி.ஏ. வேண்டாம்ப்பா, ஆத்துல முங்கி மீனைப் பத்திப் படிக்கப் போறேன்"ங்கறா.

"வலை போட்டாப் போதாதா?"ன்னேன்.

வலையில சிக்கின மீன் முன்னாடி எங்கே நின்னுச்சுன்னு துல்லியமாத் தெரியாதாம். அதனால முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கிட்டு, ஓட்டத்தை எதிர்த்து நிக்கிற மீனுக்குப் பின்னாடியே மெதுவாப் போகணும். அது நின்ன இடத்துல அடையாளக் கல் போட்டு, ஆழம், நீரோட்ட வேகம், அடியில மணலா கூழாங்கல்லான்னு அளக்கணும். மத்த இடங்களையும் அளக்கணும். ஆறு முழுக்கக் கூழாங்கல்லுன்னா மீன் வேற எங்கே நிக்கும்? அதை விருப்பம்னு சொல்ல முடியாதே! இருக்கிறதையும் தேர்ந்தெடுத்ததையும் ஒப்பிட்டாத்தான் விருப்பம் தெரியும்.

இமயமலை ஆறுகள்ல பொன் மஹ்சீர் அருகிட்டு வருது. அணை வந்தா ஓட்டமே மாறிடும். எந்த இடத்தைக் காப்பாத்தணும்னு இந்தக் கணக்குதான் சொல்லும்.

22 வருஷ சர்வீஸ், 6 ஊர். நான் இருந்த இடமெல்லாம் எனக்குப் பிடிச்ச இடமான்னு யாரும் அளந்ததில்லை. அவளாவது பிடிச்ச இடத்துல நிக்கட்டும். சரின்னுட்டேன்.

அவ அம்மாகிட்டதான் இன்னும் சொல்லலை!