52இல் 27 போனால்

ஆலங்காயம், ஜூலை 8

ஷூ கம்பெனி வண்டி வருவதற்குள் அம்மா கிளம்பியாக வேண்டும். பிள்ளையோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்க இங்கே பல வீடுகளில் ஆளில்லை. அந்தப் பிள்ளையிடம் ‘உன்னால் முடியும்’ என்று சொன்னால் போதுமா? போதாது. கரோல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான புதிரில் தோற்றதும் துவண்டார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். அதைப் பார்த்து ஊக்க வாசகங்கள் பள்ளிச் சுவரேறின. ஆனால் அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், திறமை வளரக்கூடியது என்று கற்பிக்கப்பட்டவர்களில் மதிப்பெண் குறைந்தவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் சிறியதுதான். அதுவும் கடினமான வேலையில் இறங்குவதை உடன் படிப்பவர்களும் மதித்த பள்ளிகளில்தான் நன்றாகத் தெரிந்தது. ஆக, பிள்ளையின் மனசை மட்டும் மாற்றப் பார்த்துப் பயனில்லை. வகுப்பறை தவறை எப்படி நடத்துகிறது என்பதில் இருக்கிறது விஷயம்.

52இல் 27 போனால் 35 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. இரண்டில் ஏழு போகாது. எனவே ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து போட்டிருக்கிறது. இது கவனக்குறைவு அல்ல. தானாக ஒரு விதி செய்துகொண்டு அதன்படி ஒழுங்காகப் போயிருக்கிறது. சிவப்பு மையில் தப்புப் போட்டு நோட்டைத் திருப்பித் தந்தால் அந்த விதி அப்படியே தங்கிவிடும். ‘ஏழை எதிலிருந்து எடுத்தாய்?’ என்று கேட்டு, பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்டினால், கடன் வாங்கிக் கழிப்பது ஏன் என்று அதற்குப் புரியும்.

ஜூலை 9

தவறான முடிவு விஞ்ஞானிகளுக்கும் வரும். இங்கிருந்து மலையேறினால் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதைப் பதிவு செய்ய வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அங்கே காத்திருந்தார்கள். மறைப்புக்கு முன்பே விண்மீனின் ஒளி சற்று மங்கியது. புதிய துணைக்கோள் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது அது யுரேனஸின் வளையம் என்று தெரிந்தது. முடிவு மாறியது, அந்தப் பதிவோ வளையத்துக்கே சான்றாக நின்றது. இந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லோரும் இதைக் கேட்டு வளர வேண்டும்.

வறுமையைப் பேசாமல் பிள்ளையின் மனவுறுதியைப் பேசுவது, பழியை அதன் தலையில் போடுவதாகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெறும் அறிவுரையோடு நிறுத்தினால் பழிதான். தண்டனை இல்லாவிட்டால் மெத்தனம் வரும் என்பார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. பொருளியலாளர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் கொரோனாவுக்குப் பின் நம் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. யாரையும் ஃபெயிலாக்கி அதைப் பெறவில்லை. மாலையில் பக்கத்துத் தெரு தன்னார்வலர் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்.

பத்தாம் வகுப்பில் தவறியவருக்குத் துணைத் தேர்வு உண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும், திருத்திய தாளைக் கையில் கொடுத்து, தவறிய கணக்குகளை மட்டும் ஒரு வாரம் கழித்து மறுபடி போடச் சொல்லி, அந்த இரண்டாவது மதிப்பெண்ணையே ரேங்க் கார்டில் ஏற்றலாம். ஆசிரியருக்கு வேலை கூடும்தான். அதற்கு ஆள் தருவது அரசின் பொறுப்பு.